பிள்ளையின் எலும்பில் பரம்பரைக் கோளாறா? படங்களை வைத்துக் கண்டறியும் முழு வழி

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கால் வளைகிறது. முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கல்சியமும் விட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்து, சில மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது போதும். இரண்டு வயது வரை கால் லேசாக வளைந்திருப்பது இயல்புதான், தானாகவே நிமிரும். ஆனால் மிகச் சிலருக்கு அந்த வளைவுக்குக் காரணம் மரபணு மாற்றம். அவர்களுக்கு முழங்காலை எத்தனை தடவை படம் எடுத்தாலும் முழு விடை கிடைக்காது. மிச்ச விடை இடுப்பிலும் முதுகெலும்பிலும் இடது கையிலும் கிடக்கும். அங்கே யாரும் பார்க்காததால்தான் பல குடும்பங்கள் வருடக் கணக்கில் கிளினிக் கிளினிக்காக அலைகின்றன.

கொழும்பிலும், கொழும்புக்கு இரவு பஸ் ஏறி வரும் ஊர்களிலும் உள்ள தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையை முதலில் பார்க்கும் இளம் வைத்தியர்களுக்கும் உதவும்.

2023இல் வெளியான சர்வதேச வகைப்பாட்டில் இப்படியான எலும்புக் கோளாறுகள் 771 இருக்கின்றன. 552 மரபணுக்கள், 41 குழுக்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரிது, எல்லாவற்றையும் சேர்த்தால் அவ்வளவு அரிதில்லை. 771ஐயும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வைத்தியர் எங்கும் கிடையாது. சரியான படங்களைச் சரியான வயதில் எடுத்து, சரியான வரிசையில் கேள்வி கேட்டால் 41 குழு இரண்டு மூன்றாகச் சுருங்கும். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

முதல் படி: படத்துக்கு முன் அளவு நாடா

எக்ஸ்ரே அறைக்குப் போகுமுன் நான்கு அளவுகள் வேண்டும்: நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், விரித்த கைகளின் நீளம், தலைச் சுற்றளவு. உடல் குட்டையா, கை கால் குட்டையா என்பதை முதல் இரண்டும் பிரித்துக் காட்டும். கை கால்தான் குட்டை என்றால், அடுத்து எந்தத் துண்டு என்று பாருங்கள். மேற்கையும் தொடையும் குறுகியிருந்தால் ஒரு கூட்டம் நோய்கள், முன்கையும் கெண்டைக்காலும் என்றால் இன்னொரு கூட்டம், விரல்கள் மட்டும் என்றால் மூன்றாவது.

குடும்பநல உத்தியோகத்தர் எழுதித் தந்த வளர்ச்சிப் பதிவேட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். பிறந்தபோதே குட்டையா, பிறகு குறைந்ததா என்பதை அதிலுள்ள கோடு சொல்லிவிடும். கை கால் குட்டையாக இருக்கும் பரம்பரை நோயான அகொண்ட்ரோபிளாசியா பிறப்பிலேயே தெரியும். அதற்கு ஒத்த பெயருள்ள சூடோ அகொண்ட்ரோபிளாசியாவில் பிள்ளை சரியான நீளத்தோடு பிறந்து, இரண்டு வயதளவில்தான் வளர்ச்சி பின்தங்கும், நடையும் ஆடத் தொடங்கும்.

குடும்ப விவரத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மச்சான் மச்சாளைக் கட்டியதா, இரண்டு பக்கமும் ஒரே ஊரா என்று வைத்தியர் கேட்பது குறை சொல்ல அல்ல. சொந்தத்துக்குள் கலியாணம் என்றால், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே மாற்றம் வந்து சேரும் நோய்களை முன்னுக்கு எடுப்பார்கள். அதேபோல, தகப்பனின் உயரம், அம்மம்மாவுக்கு இளம் வயதிலேயே எலும்பு முறிந்ததா, யாருக்காவது காது கேட்காமல் போனதா என்பனவும் வேண்டும். பால் பற்கள் ஐந்து வயதுக்கு முன்பே வேரோடு விழுந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஹைப்போபொஸ்பட்டேசியா என்ற நோயின் முக்கியமான தடயம் அது.

இரண்டாம் படி: இரத்தப் பரிசோதனையும் கையில் இருக்கட்டும்

கல்சியம், பொஸ்பேற், அல்கலைன் பொஸ்பட்டேஸ், விட்டமின் டி, பாராதைரொயிட் ஹோர்மோன், கிரியற்றினின். படமும் இவையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பாதிக் கேள்விக்கு விடை வரும். அல்கலைன் பொஸ்பட்டேஸ் கூடினால் எல்லோரும் கவனிக்கிறோம், குறைந்தால் கண்டுகொள்வதில்லை. மேலே சொன்ன பல் விழும் நோயில் குறைவதுதான் அடையாளம். சாதாரண அளவு வயதுக்கேற்ப மாறும் என்பதால், வளர்ந்தவர்களுக்குரிய அளவோடு ஒப்பிட்டு 'நோர்மல்' என்று எழுதிய அறிக்கையை அப்படியே நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: முழுத் தொகுப்பு

பரம்பரைக் கோளாறு என்று சந்தேகம் வந்துவிட்டால், ஒரு மூட்டை மட்டும் எடுப்பதை நிறுத்திவிட்டு எலும்புத் தொகுதி முழுவதையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டும். வழக்கமாகக் கேட்க வேண்டியவை:

- மண்டை ஓடு, முன்பக்கமும் பக்கவாட்டும்
- முதுகெலும்பு முழுவதும், முன்பக்கமும் பக்கவாட்டும். பக்கவாட்டுப் படத்தில் கழுத்தும் வர வேண்டும்
- விலா எலும்புகளும் காறை எலும்புகளும் தெரியும்படி நெஞ்சு
- இடுப்பு
- ஒரு கை, ஒரு கால் முழுமையாக. இரு பக்கமும் வேறுபட்டிருந்தால் இரண்டும்
- இடது உள்ளங்கை விரல்களோடு

முழுப் பிள்ளையையும் ஒரே தகட்டில் அடக்கி எடுப்பது உயிரோடு இருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. மூட்டுகள் சரிந்து விழும், நுணுக்கம் தெரியாது, கடைசியில் மறுபடி எடுக்க வேண்டி வரும்.

எந்த வயதில் எடுப்பது என்பது பலரும் கவனிக்காத விஷயம். எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எலும்பு முனைகளின் கதையைப் படத்தில் படிக்க முடியாது. சில அடையாளங்கள் அதற்கும் முன்பே மறைகின்றன. கொண்ட்ரோடிஸ்பிளாசியா பங்டாட்டா என்ற நோயில் எலும்பு முனைகளில் தெரியும் புள்ளிப் புள்ளியான சுண்ணாம்புத் தடம் பொதுவாக மூன்று வயதுக்குள் இல்லாமல் போய்விடும். அதனால் பிறந்த நேரத்தில் நெஞ்சுச் சளிக்காக எடுத்த பழைய எக்ஸ்ரே கூடப் பெறுமதியானது. அலுமாரிக்கு மேலே கிடக்கும் அந்தப் பெரிய மஞ்சள் உறையை வீட்டுச் சுத்திகரிப்பில் எறிந்துவிடாதீர்கள்.

கதிர்வீச்சுப் பயம்

இது நியாயமான பயம், ஆனால் அளவு தெரிந்து பயப்பட வேண்டும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவெர்ட் இயற்கைக் கதிர்வீச்சைப் பெறுகிறார். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.02, அதாவது மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். முழுத் தொகுப்பு அதைவிடக் கூடுதல்தான், என்றாலும் ஒரு வயிற்று சி.டி. ஸ்கேனைவிட மிகக் குறைவு. அரைகுறையாக மாதாமாதம் முழங்காலை எடுப்பதைவிட, ஒரே நாளில் முழுதாக எடுத்து முடிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பிறப்புறுப்பை மறைக்கும் ஈயத் தகடு ஏன் போடவில்லை என்று சில தாய்மார் சண்டை பிடிப்பார்கள். இடுப்புப் படத்தில் அந்தத் தகடு பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடுகிறது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அந்தப் பழக்கத்தை வழமையாகச் செய்ய வேண்டாம் என்று அறிவித்தது. பிள்ளையைப் பிடித்துக்கொள்ள உள்ளே போகிறவர் ஈய அங்கி போட வேண்டும். கர்ப்பிணியாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ தாய் வெளியே நிற்கட்டும், தகப்பனோ சித்தியோ உள்ளே போகலாம். அடிக்கடி எலும்பு முறியும் பிள்ளை என்றால், படுக்க வைக்கும் முன்பே ரேடியோகிராபரிடம் சொல்லிவிடுங்கள். கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

நான்காம் படி: படத்தைப் படிக்கும் வரிசை

வளரும் நீண்ட எலும்பில் மூன்று பகுதிகள் உண்டு: மூட்டை ஒட்டிய முனை, வளர்ச்சித் தட்டுக்குக் கீழே விரியும் கழுத்து, நடுவில் தண்டு. முதல் கேள்வி, கோளாறு எதில்? இரண்டாவது, முதுகெலும்பும் சேர்ந்திருக்கிறதா? மூன்றாவது, எலும்பு வழமையைவிட வெளிறித் தெரிகிறதா, வெள்ளையாக இறுகித் தெரிகிறதா? இந்த மூன்றுக்கும் விடை எழுதிய பிறகுதான் நோயின் பெயரை யோசிக்க வேண்டும். பெயரை முதலில் நினைத்துவிட்டால் கண் அதையே தேடும்.

அகொண்ட்ரோபிளாசியாவை எடுத்துக்கொள்வோம். இடுப்பு முதுகெலும்புகளின் முன்பக்கப் படத்தில், ஒவ்வொரு எலும்பிலும் இரு பக்கக் காம்புகளுக்கு இடையிலான தூரம் கீழே போகப் போகக் கூட வேண்டும். இங்கே குறையும். இடுப்பெலும்பு சதுரமாகத் தெரியும், அதில் தொடை எலும்பு பொருந்தும் கிண்ணத்தின் கூரை தட்டையாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நோயைப் பெரும்பாலும் படத்திலேயே சொல்லிவிடலாம். பச்சைக் குழந்தையில் முதுகெலும்பு அடையாளம் தெளிவில்லாமல் இருக்கக்கூடும், இடுப்புதான் கைகொடுக்கும். இந்தப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயும் தகப்பனும் சாதாரண உயரம். மாற்றம் புதிதாகப் பிள்ளையில் தோன்றியது. ஆகவே யார் பரம்பரை என்று இரண்டு வீட்டாரும் மோதிக்கொள்ளத் தேவையில்லை.

உடலில் சில சர்க்கரைப் பொருட்கள் உடைபடாமல் தேங்கும் மியூக்கோபொலிசக்கரிடோசிஸ் குழுவில் எலும்புகள் வேறு மாதிரிப் பேசும். விலா எலும்புகள் துடுப்பு மாதிரி அகன்று, முதுகுத்தண்டுப் பக்கம் ஒடுங்கும். உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டுப் பக்கம் கூராகும். பக்கவாட்டு முதுகுப் படத்தில் எலும்பின் முன்விளிம்பில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது கீழ் மூலையில் இருந்தால் முதலாம் வகையையும், நடுவில் இருந்தால் மோர்கியோ எனப்படும் நான்காம் வகையையும் நினைக்க வேண்டும். மோர்கியோவில் பிள்ளையின் அறிவுத்திறன் சாதாரணமாக இருக்கும். இரண்டாம் கழுத்தெலும்பின் முளைதான் வளராமல் இருக்கும், அதனால் கழுத்து நிலையில்லாமல் அசையும். இதைத் தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கக் கழுத்தை மடக்கினால் முண்ணாண் நசுங்கலாம். பக்கவாட்டுப் படத்தில் கழுத்தும் வேண்டும் என்று மேலே வலியுறுத்தியதற்கு ஒரு காரணம் இதுதான்.

எளிதில் முறியும் எலும்பு நோயில், அதாவது ஒஸ்டியோஜெனசிஸ் இம்பெர்ஃபெக்டாவில், மண்டை ஓட்டின் பொருத்துகளுக்குள் சின்னச் சின்ன உபரி எலும்புகள் தெரியலாம். பத்துக்கு மேல் இருந்தால் அது அர்த்தமுள்ள அடையாளம். பக்கவாட்டு முதுகுப் படத்தில் நசுங்கிய எலும்புகளைத் தேடுங்கள், வலியே சொல்லாத பிள்ளையிலும் அவை இருக்கலாம். லேசான வகையில் எக்ஸ்ரே முழுவதும் சாதாரணமாகவே தெரியக்கூடும், நீல நிறக் கண்வெள்ளையும் குடும்ப வரலாறும்தான் வழிகாட்டும். எலும்பைப் பலப்படுத்தும் பிஸ்பொஸ்பனேட் மருந்து தொடங்கிய பிறகு எடுத்த படங்களில் எலும்பு முனைகளுக்கருகே குறுக்குக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு தடவை ஏற்றிய மருந்தின் தடம், புதிய நோய் அல்ல.

எதிர்ப்பக்கத்தில் ஒஸ்டியோபெட்ரோசிஸ். எல்லா எலும்பும் வெண்மை, எலும்புக்குள் இன்னொரு எலும்பின் நிழல். கைக்குழந்தையில் இதைக் கண்டால் காத்திருக்க நேரமில்லை. இரத்தம் உருவாகும் எலும்பு மச்சைக்கு இடமில்லாமல் இரத்தம் குறையும், பார்வை நரம்பு நசுங்கும். குருதித் தண்டுக்கலம் மாற்றிப் பொருத்துவதுதான் வழி. அதனால் பல பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும், ஆனால் போன பார்வை திரும்பாது.

ஐந்தாம் படி: ஏமாற்றும் நான்கு முகங்கள்

வருடங்கள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலாவது, வளரும் எலும்பு சரியாக இறுகாமல் போகும் ரிக்கெட்ஸ். மணிக்கட்டிலும் முழங்காலிலும் எலும்புக் கழுத்து கிண்ணமாகக் குழிந்து, ஓரம் பிய்ந்த துணி மாதிரி இருக்கும். விட்டமின் டி குறைவு என்றால் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே படத்தில் புதிய வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை, பொஸ்பேற்றும் குறைவு என்றால் எக்ஸ் நிறமூர்த்தம் வழி வரும் பொஸ்பேற் இழப்பு ரிக்கெட்ஸை நினையுங்கள். அதில் எவ்வளவு விட்டமின் டி ஊற்றினாலும் சரிவராது. படம் ரிக்கெட்ஸ், இரத்தமோ முழுக்கச் சாதாரணம் என்றால் ஷ்மிட் வகை எலும்புக் கழுத்துக் கோளாறாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு விட்டமின் டி தேவையே இல்லை, கூடினால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

இரண்டாவது, பெர்தஸ் நோய். தொடை எலும்பின் தலை இரத்த ஓட்டம் குறைந்து சிதையும் இந்த நோய் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். இரு பக்கம் வந்தாலும் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. இரண்டு இடுப்பும் ஒரே அளவில், ஒரே கட்டத்தில் சிதைந்து தெரிந்தால் முழங்காலையும் மணிக்கட்டையும் முதுகையும் படம் எடுங்கள். பல எலும்பு முனைகளைத் தாக்கும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். தைரொயிட் குறைபாடும் இதே முகத்தைக் காட்டும் என்பதால் அந்த மலிவான இரத்தப் பரிசோதனையை மறக்க வேண்டாம்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெற்காசியாவில் இது முக்கியம். மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிள்ளையின் விரல் மூட்டுகள் தடிக்கின்றன, நடை மாறுகிறது, மூட்டுகள் மடங்க மறுக்கின்றன. சிறுவர் மூட்டுவாதம் என்று முடிவுகட்டி மெத்தோட்ரெக்சேற் தொடங்குகிறார்கள். வருடங்கள் போகின்றன, மாற்றமில்லை. ஆனால் அந்த மூட்டுகளில் சூடில்லை, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர். சாதாரணம், சி.ஆர்.பி.யும் சாதாரணம். தொட்டுப் பார்த்தால் வீக்கம் மெத்தென்று இல்லை, எலும்பே பருத்து இறுகியிருக்கிறது. ஒரேயொரு பக்கவாட்டு முதுகுப் படம் எடுத்தால் முதுகெலும்புகள் தட்டையாகத் தெரியும். கை எக்ஸ்ரேயில் விரல் எலும்பு முனைகள் பருத்திருக்கும், மூட்டுவாதத்தின் அரிப்பு இருக்காது. இது முடக்குவாதத்தைப் போல நடிக்கும் பரம்பரைக் குருத்தெலும்பு நோய், சி.சி.என்.6 மரபணுவின் மாற்றத்தால் வருவது. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படும். மூட்டுவாத மருந்து இதற்கு வேலை செய்யாது, பக்கவிளைவுகள் மட்டும் மிஞ்சும். அழற்சியின் அடையாளமே இல்லாத 'மூட்டுவாதம்' உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் முதுகுப் படம் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நான்காவது, பேசக் கூச்சமான விஷயம். நடக்காத குழந்தைக்கு எலும்பு முறிந்தால், யாராவது அடித்தார்களா என்று வைத்தியசாலை கேட்டே ஆக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியும் வரலாம். விலா எலும்பின் பின்பக்க முறிவும், எலும்புக் கழுத்தின் மூலையில் சிறு துணுக்காகப் பிரியும் முறிவும் அடியைச் சந்தேகிக்க வைப்பவை. பரம்பரை நோயையும் அதே நேரத்தில் தேடுவார்கள். குடும்பத்துக்கு வேதனையான நாட்கள்தான், ஆனால் இரண்டு பக்க நியாயத்தையும் காப்பது அந்த முழுத் தொகுப்புப் படங்களே.

இந்த நான்கிலும் சேராத ஒரு எச்சரிக்கை. பிறக்கும்போதே இரண்டு கால் பெருவிரலும் குட்டையாக மற்ற விரல்கள் பக்கம் வளைந்திருந்து, பிறகு முதுகிலோ கழுத்திலோ கட்டி வந்தால், அதை வெட்டிப் பார்க்கக் கூடாது, தசையில் ஊசியும் போடக் கூடாது. தசை எலும்பாக மாறும் எஃப்.ஓ.பி. நோயில் வெட்டிய இடமெல்லாம் புதிய எலும்பு வளரும். கால் விரல்களைப் பார்த்தால் கத்தி எடுக்காமலே நோயை நினைக்கலாம்.

ஆறாம் படி: எக்ஸ்ரேக்கு அப்பால்

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. அகொண்ட்ரோபிளாசியாவில் மண்டை ஓட்டின் அடித்துவாரம் குறுகி மூளைத்தண்டை நெருக்கலாம். கைக்குழந்தை தூக்கத்தில் மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டால், உடல் தொய்ந்து கிடந்தால் இதை உடனே பார்க்க வேண்டும். சிறு பிள்ளைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அப்போது கழுத்துப் படம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும், மயக்க மருந்து நிபுணரிடம் நோயின் பெயரும் போக வேண்டும். சி.டி. அறுவைச் சிகிச்சைத் திட்டத்துக்கு உதவும், நோயறிதலுக்கு அபூர்வமாகவே தேவை.

எலும்பு அடர்த்தி அளக்கும் டெக்சா ஸ்கேன் பலரைக் குழப்புகிறது. பிள்ளைகளில் அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும், டி மதிப்பு பெரியவர்களுக்குரியது. குட்டையான பிள்ளையின் எலும்பு சிறியதாக இருப்பதாலேயே அடர்த்தி குறைவாகத் தெரியும், உயரத்துக்கேற்பத் திருத்த வேண்டும். முறிவு வரலாறு இல்லாமல், அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிள்ளைக்கு எலும்புத் தேய்வு என்று எழுதக் கூடாது.

இடது கைப் படத்தில் எலும்பு வயது கணிப்பதும் இங்கே கவனமாகச் செய்ய வேண்டியது. வழக்கமான ஒப்பீட்டு அட்லஸ் சாதாரண எலும்புகளுக்கானது. முனைகளே பிழையாக வளரும் பிள்ளைக்கு அது தரும் எண்ணில் பொருள் குறைவு. கையின் வடிவத்தைப் பாருங்கள், வயதை விடுங்கள்.

ஏழாம் படி: மரபணுப் பரிசோதனையும் கொழும்பில் போகும் வழியும்

படம் குழுவைச் சொல்லும், மரபணு பெயரை உறுதிசெய்யும். எல்லா மரபணுவையும் ஒரேயடியாகப் பார்த்தால் படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் 'அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்' என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். அது பிள்ளையின் நோயா, வெறும் வேறுபாடா என்று தீர்ப்பதற்குத் திரும்பவும் எக்ஸ்ரேயிடம்தான் வர வேண்டும்.

கொழும்பில் தொடக்கம் பொதுவாக பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. உங்கள் ஊர் வைத்தியசாலையின் குழந்தைநல நிபுணரிடம் கடிதம் வாங்கி வந்தால் வேலை சுலபம். மரபியல் ஆலோசனைக்கு, 1983 முதல் இயங்கும் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு கின்சி வீதியில், பொரளைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரச வைத்தியசாலையில் படங்கள் இலவசம். எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்க வேண்டி வரலாம், அவசரமா என்பதைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். புரிந்தது மாதிரித் தலையாட்டிவிட்டு வந்து வெள்ளவத்தையில் சொந்தக்காரரிடம் அர்த்தம் கேட்பதைவிட, அங்கேயே "தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நோயின் பெயரை வைத்தியர் கையாலேயே கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். படங்களை இறுவட்டில் (CD) மூலக் கோப்பாகவே கேட்டு வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஃபோனில் எடுத்த படத்தில் எலும்புக் கழுத்தின் நுணுக்கம் தெரியாது. வெளிநாட்டு நிபுணரின் கருத்துக் கேட்கவும் அந்தக் கோப்புதான் வேண்டும்.

அடுத்த பிள்ளை

நோயின் பெயர் கிடைத்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். தாய் தகப்பன் இருவரும் ஒவ்வொரு மாற்றத்தைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. பிள்ளையில் புதிதாகத் தோன்றிய மாற்றம் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல. கர்ப்ப கால ஸ்கேனில் நெஞ்சு மிகவும் ஒடுங்கிய கடுமையான வகைகளை 18 முதல் 20 வாரத்திலேயே சந்தேகிக்கலாம். அகொண்ட்ரோபிளாசியா அப்படியல்ல. அதில் தொடை எலும்பின் நீளம் பின்தங்குவது பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். எனவே 20 வார ஸ்கேன் சரியென்று சொன்னாலும், 28 வாரமளவில் தொடை எலும்பை மறுபடி அளக்கும்படி மகப்பேற்று நிபுணரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.